சந்தாவுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் கட்டியிருக்கிற பேனர்களைப் பார்த்திருப்பார்கள். காது குத்தப்போகிற குழந்தை தாமரைப் பூவுக்குள் உட்கார்ந்திருக்கும். வயசுக்கு வந்த பெண் மயில் தோகைக்கு நடுவில் நிற்கும். புதுசாகப் பொறுப்புக்கு வந்த வட்டச் செயலாளர் சிங்கத்தைப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு நடந்து வருவார். அந்தக் குழந்தையையும் பெண்ணையும் வட்டத்தையும் பெற்றவர்கள் யார் யாரோ. தாமரையும் மயிலும் சிங்கமும் என் மகள் பெற்றவை.

பேனர் அடிக்கிற கடைக்காரர்தான் இதையெல்லாம் வரைகிறார் என்று நானே வெகுநாள் நினைத்திருந்தேன். அவர் வரைவதில்லை. யாரோ வரைந்து வைத்த டிசைனைக் கம்ப்யூட்டரில் இறக்குவார், பேரையும் தேதியையும் மாற்றுவார், வட்டத்துக்குள் முகத்தை ஒட்டுவார், மிஷினில் விடுவார். அந்த யாரோ பருத்திப்பட்டு ஏரிக்கு இந்தப் பக்கம், எங்கள் ஃப்ளாட்டில், சின்ன ரூமில் உட்கார்ந்திருக்கிறாள். காதணி விழா, புதுமனை புகுவிழா, சர்ச்சில் கொடுக்கிற புதுநன்மை, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று மனிதனுக்கு நடக்கிற எல்லாவற்றுக்கும் டிசைன் செய்து இன்டர்நெட்டில் வைத்திருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை சந்தா கட்டிவிட்டால் கடைக்காரர்கள் எத்தனை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அப்படித்தான் ஆரம்பித்தாள்.

சந்தாக்காரர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் உண்டு. அந்த போன் என் கையில் இருக்கும். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஒரு வரி படிப்பதற்குள் சோறு பொங்கிவிடும். ஆனால் காது நன்றாகக் கேட்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் மிஷின் சத்தத்தில் நின்று, சூப்பர்வைசர் தூரத்தில் முணுமுணுப்பது என்னவென்று சொன்னவள் நான். அதனால் கடைக்காரர்கள் எழுதி அனுப்புவது மகள் பங்கு, பேசி அனுப்புவது என் பங்கு. பேனர்க்காரர்களுக்கு எழுதுவதைவிடப் பேசப் பிடிக்கும். என் பங்குதான் எப்போதும் பெரிது.

வருஷச் சந்தா எதனால் நின்றது என்று சொல்லிவிடுகிறேன். ஆவடியில் ஒருவர் சந்தா கட்டுவார். அந்தப் பாஸ்வேர்டு அவர் மச்சானுக்குப் போகும். மச்சானிடமிருந்து மச்சானின் பங்காளிக்குப் போகும். அங்கிருந்து பண்டிகைப் பலகாரம் மாதிரித் தெரு முழுக்கப் போகும். ஒருநாள் மகள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். ஒரே ஆள், ஒரே நிமிஷத்தில், பட்டாபிராமிலும் திருவேற்காட்டிலும் பூந்தமல்லியிலும் டிசைன் இறக்கிக்கொண்டிருந்தார். மூன்று ஊரில் ஒரே சமயத்தில் இருப்பதற்கு அவர் என்ன சாமியா?

அதற்குப் பிறகுதான் மாற்றினாள். இனி மாதாமாதம் சந்தா, வருஷத்துக்குக் கூட்டினால் பழையதைவிடக் கொஞ்சம் அதிகம். மாதத்துக்கு நாற்பது டிசைன். ஒரு கடைக்கு ஒரு பாஸ்வேர்டு. குரூப்பில் போடுவதற்கு முன்னால் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள். அதில் மூன்று இடத்தில் ‘மன்னிக்கவும்’ என்று இருந்தது.

“யாரு ஊட்டுக் கண்ணாடிய ஒடச்ச நீ? எடுடி அத” என்றேன்.

இரண்டை எடுத்தாள். ஒன்றை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

போட்டது காலை பத்து மணிக்கு. பத்தேகாலுக்கெல்லாம் போன் சூடாகிவிட்டது.

முதலில் வந்தது பட்டாபிராம் கடைக்காரர். தொண்டை கம்மியிருந்தது. “சிஸ்டர், இன்னா சிஸ்டர் இது? கடைய மூடிகினு ஊட்டுக்குப் போவச் சொல்றியா? புள்ளைங்க படிச்சிகினு கீது சிஸ்டர். நாங்கல்லாம் சின்ன கட. எங்க வயித்துல அடிக்கலாமா? அண்ணாத்தே, அப்படியே ஒரு மட்டன் சுக்கா.” கடைசி வரி எங்களுக்குச் சொன்னதில்லை. பின்னால் பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த ஓட்டல் சுக்கா விலை எனக்குத் தெரியும். இரண்டு தட்டுக்கு ஒரு மாதச் சந்தா அடங்கிவிடும்.

அடுத்தது திருவேற்காட்டுக்காரர். “மேடம், அம்மன் சன்னதில நின்னுகினு பேசறேன். எங்க வயித்தெரிச்சல் சும்மா உடாது.” மணிச் சத்தத்தோடு அனுப்பியிருந்தார். அம்மனுக்குத் திருவிழா பேனர் அடிக்கிறவர் அவர். உபயதாரரிடம் சதுர அடிக்கு இவ்வளவு என்று கறாராக வாங்குவார். அப்போதெல்லாம் அம்மன் குறுக்கே வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பூந்தமல்லிக்காரர் அழவில்லை. அவர் சட்டம் பேசினார். “டிசைன்னா இன்னாம்மா? காத்துல கீறது. மாவா, எண்ணெயா, கேஸா? ஒருதபா வரைஞ்சிட்டு ஆயுசுக்கும் வெச்சி விக்கறீங்க. உங்களுக்கு இன்னா செலவு?”

இதற்கு நான் சும்மா இருக்கவில்லை. மைக்கை அழுத்தினேன். “நைனா, உன் கடைல பேனர்ல ஒரு பேர மாத்தி அடிக்க நூறு ரூபா வாங்கறியாமே. அந்தப் பேர எந்த எண்ணெய்ல போட்டு எடுக்கற?”

மகள் ரூமிலிருந்து ஓடி வந்தாள். “ம்மா! கஸ்டமர்மா அவரு.”

“கஸ்டமர்தான். நான் திட்டலயே. கேட்டேன்.”

பால் விலை ஏறியது. கேஸ் ஏறியது. ஷேர் வேன்காரர் ஒரு திங்கட்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் ஐந்து ரூபாய் ஏற்றினார். வண்டியில் இருந்த ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சில்லறை இருக்கிறதா என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். என் மகள் ஏற்றினால் மட்டும் எல்லாருக்கும் பிள்ளைகள் படிக்கிறது ஞாபகம் வருகிறது. வீட்டில் இருக்கிற பொம்பளை பொழுதுபோகாமல் செய்கிற வேலைக்குக் காசு வேறு கேட்கிறாளே என்கிற எண்ணம். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்தக் குரல்களில் அது இருந்தது. எனக்குத்தான் காது கேட்குமே.

இரண்டு நாள் கழித்து ஒரு புதுக் குரூப் முளைத்தது. பேர், சந்தாதாரர் உரிமைச் சங்கம். தலைவர், அம்பத்தூர் பேனர் கடைக்காரர், அவரும் எங்கள் சந்தாக்காரர்தான். எங்கள் குரூப்பில் இருந்த நம்பர்களை எல்லாம் அப்படியே அள்ளிச் சேர்த்திருந்தார். அள்ளிய வேகத்தில் என் கையில் இருந்த நம்பரையும் சேர்த்துவிட்டார். எங்களை எதிர்த்துக் கூடிய சங்கத்தில் நாங்களும் உறுப்பினர். இதைச் சங்கத்தில் ஒருவரும் கடைசிவரை கவனிக்கவில்லை. கவனிக்கிறவர்களாக இருந்தால் அவர்கள் அடிக்கிற பேனரில் அத்தனை பிழை இருக்காது.

அம்பத்தூர்க்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகள் அவர் கடையில் ஒன்பது வருஷம் டிசைனராக வேலை செய்தாள். சேர்ந்த நாளில் பாப்பா என்று கூப்பிட்டார். அவளுக்கே ஒரு பாப்பா பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். பாப்பாவுக்கு எதற்குச் சம்பள உயர்வு? இன்றைக்குக் கேட்டுவிடுகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டுப் போவாள். சாயங்காலம் கையில் மசால்வடைப் பொட்டலத்தோடு வருவாள். கேட்கவில்லை என்று அர்த்தம். ஒன்பது வருஷத்தில் நான் நிறைய மசால்வடை தின்றிருக்கிறேன். கடைசியில் அவள் போட்ட டிசைனை எல்லாம் அவர் ஒரு டிஸ்க்கில் ஏற்றித் தன் சகலை கடைக்குக் கொடுத்தார் என்று தெரிந்த அன்றைக்குத்தான் வேலையை விட்டாள். அப்போதும் சண்டை போடவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு, மைசூர்பாக்கு டப்பாவுடன் வந்து உட்கார்ந்தார்.

“பாப்பா, நான் கோவத்துல வரல. உன் நல்லதுக்குத்தான் வந்துகீறேன். மாசம் முடிஞ்சா உங்கிட்ட ஒரு ஆளு இருக்க மாட்டான். எல்லாரும் எங்கிட்டதான் பேசிகினு கீறானுங்க.”

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பழையபடி வருஷச் சந்தாவே வெச்சிடு. இல்லாட்டி இந்தத் தலவலியே வேணாம், நம்ம கடைக்கே வந்துடு. உன் சீட்டு அப்படியே கீது. ஏசி கூட போட்டுட்டேன்.”

“ஏசி இவ போனப்புறந்தான் போட்டீங்களா சார்?” என்று கேட்டேன்.

“ஆமா ஆயா.”

“அதான பாத்தேன்.”

என்னைவிட ஆறு வயசுதான் சின்னவர். ஆயாவாம்.

“யோசிச்சுச் சொல்றேன் சார்” என்றாள் மகள். அவளை அடிக்கலாம் போல இருந்தது எனக்கு.

அவர் போன பிறகு சொன்னாள். “ஃப்ளாட் லோன் கீதும்மா. மாசக் கடைசிக்குள்ள பாதிப் பேராவது கட்டிட்டா இத நடத்துவேன். இல்லன்னா அம்பத்தூருக்கே போயிடறேன்.” அவள் அந்த டப்பாவைத் தொடவில்லை. நான் திறந்தேன். என் கோபம் அவர்மேல்தான், மைசூர்பாக்கு என்ன செய்தது?

முதல் வாரத்தில் கட்டியவர்கள் ஏழு பேர். மகள் நாளுக்கு நாலு தடவை எண்ணிப் பார்ப்பாள். எத்தனை தடவை எண்ணினாலும் ஏழுதான். அந்த ஏழில் யார் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சங்கத்தில் போராட்டம் என்று முடிவானது. பேனர்க்காரனுக்குத் தெரிந்த போராட்டம் என்ன? பேனர் அடிப்பது. வருஷச் சந்தா செத்துப்போய்விட்டது, அதற்குக் கண்ணீர் அஞ்சலி அடித்து அவரவர் கடை வாசலில் கட்டுவது என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். மறுநாள் மத்தியானம் அந்த டிசைன் குரூப்பில் வந்து விழுந்தது.

கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்தை மட்டும் நான் கூட்டாமலே படிப்பேன். எத்தனை சுவரில் பார்த்திருக்கிறேன். நடுவில் பெரிய வட்டம், அதற்குள் ‘வருஷச் சந்தா அவர்கள்’. இந்தப் பக்கம் தோற்றம், அந்தப் பக்கம் மறைவு. கீழே ‘எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டு’ என்று ஏதோ. அதற்கும் கீழே, நம் ஊர் வழக்கப்படி, துயரத்தில் ஆழ்ந்தவர்களின் முகங்கள். பதினாறு முகம். எல்லாரும் கைகூப்பிக்கொண்டு, பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். கட்சித் தலைவருக்கு வாழ்த்து பேனர் அடிக்கும்போது எடுத்து வைத்த போட்டோக்கள். வேறு மூஞ்சிக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

நான் சிரித்துச் சிரித்து இருமிவிட்டேன். மகள் சிரிக்கவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, மூலையில் இருந்த பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ம்மா, இந்தச் சாமந்தி போன வியாழக்கிழம நான் போட்டது.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. போன வியாழக்கிழமை என்றால் சந்தாவை மாற்றிய பிறகு. அதை இறக்க வேண்டும் என்றால் புதுச் சந்தா கட்டியிருக்க வேண்டும். மகள் கம்ப்யூட்டரில் தேடினாள். அந்தச் சாமந்தியை இறக்கியது ஒரே ஒரு ஆள். ஒரு பொம்பளைப் பேர். கூட இருந்த நம்பர், அம்பத்தூர்க்காரர் வீட்டு நம்பர். சந்தா கட்டிய தேதி முதல் நாள். கட்டிய வரிசையில் இரண்டாவது. மாசம் முடிந்தால் ஒரு ஆள் இருக்க மாட்டான் என்று எங்கள் சோபாவில் உட்கார்ந்து சொன்னாரே, அப்போதே கட்டி முடித்திருந்தார்.

நான் போனை எடுத்துவிட்டேன். சங்கக் குரூப்பைத் திறந்து மைக்கை அழுத்தப் போனேன். மகள் கையைப் பிடித்தாள்.

“வேணாம்மா. கஸ்டமர் எத எறக்கினாருன்னு நாம வெளிய சொல்லக் கூடாது.”

“அவன் உன் பொழப்பக் கெடுத்துகினு கீறான். நீ அவனுக்கு நாயம் பாக்கறியா?”

“அவருக்கு இல்லம்மா. நாளைக்கி நம்பி கட்றவங்களுக்கு.”

அது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் கடை அவளுடையது. போனை வைத்தேன்.

நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பதினாறு முகம் இருக்கிற பேனர், அதுவே பார்த்துக்கொண்டது.

முதலில் பட்டாபிராம்காரர்தான். “அண்ணாத்தே, என் மூஞ்சி இன்னாத்துக்கு கீழ மூலைல பட்டாணி கணக்கா கீது? சங்கத்துக்குப் பொருளாளர் நானு.”

திருவேற்காட்டுக்காரர் கேட்டார். “பூந்தமல்லிக்காரரு மட்டும் ரெண்டு எடத்துல கீறாரே, அது எப்டிபா?”

“ரெண்டாவது எங்க அண்ணன் பா” என்றார் பூந்தமல்லிக்காரர்.

“உங்க அண்ணனுக்கு ஏதுபா பேனர் கட? அவரு டயர் கட வெச்சிகினு கீறாரு!”

“டயர் கடைக்காரனுக்கு துக்கம் வராதா?”

அம்பத்தூர்க்காரர் முகம் மற்ற பதினைந்துக்கும் மேலே, தனியாக, மற்றவர்களைப் போல நாலு மடங்கு பெரிசாக இருந்தது. அதைப் பற்றி யாராவது கேட்டால், “தலைவருன்னா அப்படித்தான் மாமே வெப்பாங்க” என்று பதில் வந்தது. இரண்டு நாள் இதுவே ஓடியது. சந்தா ஏறியதைப் பற்றி அந்த இரண்டு நாளில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறந்தவரை நடு வீட்டில் போட்டுவிட்டு மாலையை யார் முதலில் போடுவது என்று சண்டை போட்ட மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் பட்டாபிராம்காரர் எங்களுக்குத் தனியாகப் பேசி அனுப்பினார். இந்தத் தடவை தொண்டை கம்மவில்லை. “சிஸ்டர், கட்டிட்டேன் சிஸ்டர். முகூர்த்த நாளு வருது, டிசைன் இல்லாம இன்னா பண்றது? சங்கத்துல மட்டும் சொல்லிக்காதீங்க.” மறுநாள் திருவேற்காட்டுக்காரர். அம்மன்மேல் சத்தியமாக யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். பூந்தமல்லிக்காரர் அண்ணனுடைய டயர் கடை பேரில் கட்டினார். இப்படி ஒவ்வொருவராக, மற்றவர்களுக்குத் தெரியாமல், கதவிடுக்கில் காசைத் தள்ளுகிற மாதிரித் தள்ளினார்கள். அந்தப் பக்கம் சங்கக் குரூப்பில் சாபம் விடுவது ஓயவில்லை. காலையில் சாபம், மத்தியானம் சந்தா. இரண்டையும் ஒரே போனில் வாங்கிக்கொண்டவள் நான்.

அப்படியும் மாதக் கடைசிக்கு முந்தின நாள் பாதிக்கு ஐந்து பேர் குறைந்தது. மகள் முகத்தில் ஈயாடவில்லை. அம்பத்தூர் பஸ் இப்போது எத்தனை மணிக்கு என்று காலையில் என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியும், ஆனால் தெரியாது என்று சொன்னேன்.

பதினோரு மணிக்கு அம்பத்தூர்க்காரர் போன் செய்தார். மகள் வேலையில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். நான் பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

“பாப்பா, ஒரு சின்ன ஹெல்ப். அந்த கண்ணீர் அஞ்சலி மேட்டர் ஒண்ணு கீது. நீ பாத்திருக்க மாட்ட.”

“பாத்தேன் சார்.”

தொண்டையைச் செருமினார். “தப்பா எடுத்துக்காத. அது சும்மா ஒரு இதுக்கு. இப்ப இன்னான்னா, பட்டாபிராம் மூஞ்சிய பெருசாக்கணும். எல்லா மூஞ்சியும் ஒரே சைஸ்ல வெக்கச் சொல்றானுங்க. இங்க கீற டிசைனருக்குக் கை வரல. ஒண்ண இழுத்தா எல்லாம் கோணிகினு போவுது. உனக்குப் பத்து நிமிஷ வேல பாப்பா. பண்ணி அனுப்பிடு.”

கீரை என் கையிலேயே நின்றது. அவளைத் திட்டி அடிக்கிற பேனரை அவளே சரிசெய்து தர வேண்டுமாம். ஓசியில். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பேசினாள்.

“பதினாறு மூஞ்சி சார். மூஞ்சிக்கு அம்பது ரூபா. எண்ணூறு ஆவுது.”

“இன்னா பாப்பா, எங்கிட்டயேவா?”

“பணம் வந்தா ஒடனே ஆரம்பிச்சிடறேன் சார்.”

ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் போனில் கேட்டது. அப்புறம் குரலை இறக்கி, “சரி போடறேன். சங்கத்துல தெரிய வேணாம்” என்றார்.

“தெரியாது சார். அப்புறம், அந்தச் சீட்டுல வேற ஆள உக்கார வெச்சிடுங்க. ஏசி வீணாப் போவுது.”

அவர் என்ன சொன்னாரோ, போன் வைக்கிற சத்தம்தான் கேட்டது. ஒரு நிமிஷத்தில் பணம் வந்துவிட்டது என்று இன்னொரு போன் கத்தியது.

“பாதி ஆவலியேடி?” என்றேன்.

“ஆவும்மா” என்று சொல்லிவிட்டுத் திரைப் பக்கம் திரும்பினாள்.

பத்து நிமிஷ வேலையை ஒன்றரை மணி நேரம் செய்தாள். பதினாறு முகத்தையும் ஒரே அளவு வட்டத்தில் வைத்தாள். கூலிங் கிளாஸைக் கழற்றி உள்ளே கண் வைத்தாள். அதற்கு மேலும் என்னவோ செய்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஒவ்வொருவர் உதட்டையும் இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

“இன்னாத்துக்குடி இவ்ளோ மெனக்கெடற? உன்னத் திட்டற பேனரு.”

“துக்க பேனர்மா. பல்லு தெரியக் கூடாது. காசு வாங்கியாச்சு இல்ல?”

பதினாறு வாயையும் மூடிவிட்டுத்தான் சாப்பிட வந்தாள்.

சாயங்காலம் அது சங்கக் குரூப்பில் வந்தது. பார்த்தால் நிஜமாகவே யாரோ போய்விட்டார்கள் என்று தோன்றும், அப்படி இருந்தது. பட்டாபிராம்காரர் குரல் உடனே வந்தது. “அண்ணாத்தே, சூப்பரா கீது! யாரு டிசைனரு? நம்பர் குடு, நம்ம கடைக்கும் ஆவும்.”

வெகுநேரம் கழித்து அம்பத்தூர்க்காரர் ஒரு கும்பிடு பொம்மை மட்டும் போட்டார்.